புரதக் கட்டமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு இனி கட்டுரை போட முடியுமா?

கேள்வி, 4 மார்ச் 2025

மூன்று வருடம் படிகத்தோடு மல்லுக்கட்டி, ஒரு பாக்டீரியப் புரதத்தின் கட்டமைப்பை 2.1 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் (எண் சிறிதானால் படம் கூர்மை) முடித்தேன். அமினோ அமில வரிசையைப் பார்த்தால் ஹைட்ரோலேஸ் (நீரைக் கொண்டு பிணைப்பைப் பிளக்கும் நொதி) குடும்பம் மாதிரி தெரிகிறது. என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதழுக்கு அனுப்பினேன். ரிவ்யூவுக்கே போகாமல் ஐந்தாம் நாள் திரும்பி வந்தது: "ஆல்ஃபாஃபோல்ட் கணிப்போடு ஒத்துப்போகிறது, இதில் புதிதாக என்ன?" கட்டமைப்புக் கட்டுரை என்ற இனமே செத்துவிட்டது, 2021 ஜூலையில் அதைக் கொன்றது, வரிசையிலிருந்தே வடிவத்தைக் கணிக்கும் அந்த ஆல்ஃபாஃபோல்ட் நிரல்தான் என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

பதில், 4 மார்ச், இரவு

பாதி சரி. செத்தது உண்மை, கொலையாளி வேறு.

1958இல் படிகவியலாளர் கெண்ட்ரூ, தசைப் புரதமான மயோகுளோபினை 6 ஆங்ஸ்ட்ராமில் காட்டியபோது அது சுருட்டிவைத்த குடல் மாதிரி இருந்தது. ஒரு அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலிகூடத் தெரியாது. ஆனாலும் அதுவே பெரிய செய்தி. 1962இல் அவருக்கும் பெரூட்ஸுக்கும் நோபல் கிடைத்தது. 1971இல் பிடிபி என்ற புரதக் கட்டமைப்புகளின் பொதுக் களஞ்சியம் தொடங்கியபோது உள்ளே இருந்தவை 7 கட்டமைப்புகள். ஏழு பேர் இருக்கும் இடத்துக்கு எட்டாவதாக ஒருவன் வந்தால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யார் எட்டிப் பார்ப்பார்கள்?

என் முதல் கட்டமைப்புக் கட்டுரை திரும்பி வந்தது 2009இல். ஆல்ஃபாஃபோல்ட் என்ற பெயரே அப்போது கிடையாது. எடிட்டர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: கட்டமைப்பு சுத்தமாக இருக்கிறது, இந்தப் புரதம் என்ன செய்கிறது? உங்களிடம் கேட்டதும் அதே கேள்விதான், சட்டை மட்டும் புதிது.

அமெரிக்காவில் 2000 முதல் 2015 வரை புரதக் கட்டமைப்பு முன்முயற்சி என்று ஒன்று நடந்தது. ஆயிரக்கணக்கில் கட்டமைப்புகள் பிடிபிக்குள் போயின. அவற்றில் நிறைய பதிவுகளில் கட்டுரை என்ற இடத்தில் "வெளியிடப்பட உள்ளது" என்று இருக்கும். இன்றும் அப்படியே உள்ளது. அதாவது கட்டுரை இல்லாத கட்டமைப்பு உங்கள் பிரச்சினைக்கு வெகு முன்னாலேயே பழகிப்போன விஷயம்.

5 மார்ச், காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "யார் எட்டிப் பார்ப்பார்கள்" என்று சும்மா வீராப்பாகக் கேட்டுவிட்டேன். பார்க்க இடம் இருக்கிறது. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா எஃப் குறுங்கட்டுரைகளுக்கென்றே உள்ள இதழ். கட்டமைப்பு ஒழுங்காக இருந்து, எப்படிச் செய்தீர்கள் என்பதை நேர்மையாக எழுதினால் எடுத்துக்கொள்வார்கள். பெரிய பேர் கிடைக்காது. ஆய்வேட்டுக்கு ஒரு அத்தியாயம் கிடைக்கும். என் மாணவர்கள் இரண்டு பேர் அப்படித்தான் கரையேறினார்கள்.

5 மார்ச், மதியம்

இப்போது உங்கள் எடிட்டரின் வாக்கியத்துக்கு வருகிறேன். "கணிப்போடு ஒத்துப்போகிறது." படிகத்துக்கு ஃபேஸ், அதாவது எக்ஸ்-கதிர் தரவில் பதியாமல் போகும் கட்டத் தகவல், எப்படிப் பெற்றீர்கள்? தெரிந்த ஒரு வடிவத்தைக் கொண்டு தொடங்கும் மாலிகுலர் ரீப்ளேஸ்மென்ட்தானே? தேடல் மாதிரியாக வைத்தது அதே ஆல்ஃபாஃபோல்ட் கணிப்புதானே? அப்படியென்றால் "ஒத்துப்போகிறது" என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று யோசியுங்கள். நீங்கள் உள்ளே கொடுத்ததன் நிழல் வெளியேயும் விழும். முன்பெல்லாம் பாதரசமும் செலினியமும் வைத்து ஃபேஸ் எடுத்தோம். அலுப்புப் பிடித்த வேலை, ஆனால் அதில் வரும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்துக்கு நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று தெரியாது. இப்போது பத்து நிமிடத்தில் தீர்வு வருகிறது. அதனால் சந்தேகமுள்ள ஒவ்வொரு வளைவையும் மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, அடர்த்தி தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த விடுபட்ட வரைபடத்தைச் சப்ளிமெண்டரியில் போடாதவர்தான் அதிகம். போடுங்கள்.

அப்புறம், கணிப்பு எதைக் கொடுக்காது என்று பட்டியல் போடாமல் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் படிகத்தில் நீர் மூலக்கூறுகள் இருக்கும், உலோக அயனி இருக்கலாம், வினை நடக்கும் செயல்மையத்தில் ஏதாவது உட்கார்ந்திருக்கலாம். 2021இன் ஆல்ஃபாஃபோல்டில் இவை எதுவும் கிடையாது. கவர் லெட்டரில் முதல் பத்தி "மொத்த மடிப்பு இப்படி" என்று இருந்தால் திரும்பித்தான் வரும். கணிப்பில் இல்லாதது எதுவோ அதில் தொடங்க வேண்டும்.

5 மார்ச், பிறகு

நேரம் இருப்பதால் ஒரு அவமானக் கதை. ஆல்ஃபாஃபோல்ட் கோப்பில், பி-ஃபாக்டர் இருக்க வேண்டிய பத்தியில் பிஎல்டிடிடி என்ற நம்பிக்கை மதிப்பெண் உட்கார்ந்திருக்கும். 90க்கு மேல் மிக நல்லது, 50க்குக் கீழே நம்பாதே. பி-ஃபாக்டரோ நேர் எதிர், எண் ஏற ஏற அந்த இடம் ஆடுகிறது என்று பொருள். எங்கள் குழுவில் கணிப்பையும் படிகத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரே வண்ண அளவுகோலில் அழகாக ஒரு படம் செய்தோம். கணிப்பின் உறுதியான மையம் முழுக்க ரத்தச் சிவப்பு, ஆடும் வால் நிம்மதியான நீலம். நான் பார்த்தேன், மூன்று இணை ஆசிரியர்கள் பார்த்தார்கள், எல்லோரும் தலையாட்டினோம். ரிவ்யூவர் ஒரே வரி எழுதினார்: "உங்கள் புரதத்தின் உட்கரு கொதிக்கிறதா?"

அதே எண்களை மாற்றாமல் மாலிகுலர் ரீப்ளேஸ்மென்டுக்குக் கொடுத்தாலும் இதே வம்பு. முதலில் பி-ஃபாக்டராக மாற்றிக்கொண்டு, மதிப்பெண் குறைந்த வால்களை வெட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

6 மார்ச்

ஆல்ஃபாஃபோல்ட் 3 நினைவுக்கு வந்தது. 2024 மே மாதம் நேச்சரில் வந்தபோது நிரல் கொடுக்கவில்லை. ஆய்வாளர்கள் பலர் கையெழுத்திட்டுத் திறந்த கடிதம் எழுதினார்கள். கல்விப் பயன்பாட்டுக்கு நிரல் வந்தது நவம்பரில். என்னைப் போன்றவன் ஒரு கிராஃபின் பின்னால் இருக்கும் எண்களை இணைக்க மறந்தால் கட்டுரையைத் தொட மாட்டார்கள்.

சரி, பொறாமைதான்.

8 மார்ச்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "கட்டுரை ஏற்கப்படும் முன்பே பிடிபியில் போட்டால் யாராவது திருடிவிட மாட்டார்களா?" போடும்போது கட்டுரை வரும்வரை நிறுத்திவை என்று தேர்வு செய்யலாம், அதிகபட்சம் ஒரு வருடம். எண் கையில் வந்துவிடும், சரிபார்ப்பு அறிக்கையும் வரும். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. பல இதழ்கள் இப்போது அந்த அறிக்கை இல்லாமல் ரிவ்யூவருக்கு அனுப்புவதில்லை.

இந்தப் பயம் பழையது. ஒரு காலத்தில் கட்டுரையில் இரட்டைப் படம் மட்டும் இருக்கும், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முப்பரிமாணம் தெரியும் என்ற அந்த வகை. அணுக்களின் இட எண்களான ஆயங்களைக் கேட்டால் "அடுத்த கட்டுரை முடியட்டும்" என்பார்கள். பொறுமையில்லாதவர்கள் அச்சிட்ட படத்தை அளந்தே கார்பன் அணுக்களின் இடத்தைக் கணக்கிட்டார்கள். அதற்கு நிரலும் எழுதினார்கள்! 1989இல் சர்வதேசப் படிகவியல் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: ஆயங்களைக் கொடுத்துவிடு, வேண்டுமானால் ஒரு வருடம் மறைத்து வைத்துக்கொள். படிகத்திலிருந்து அளந்த டிஃப்ராக்ஷன் தரவையும் சேர்த்தே கொடுத்தாக வேண்டும் என்று பிடிபி கட்டாயமாக்கியது 2008 பிப்ரவரியில்தான். அதுவரை ஒரு மாதிரியைத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் அதைச் செய்தவரின் நல்ல மனதை நம்பியிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது எம்எஸ்பிஏ என்ற புரதத்தின் கதையை விட முடியாது. ஜெஃப்ரி சாங் குழு 2001இல் சயன்ஸில் வெளியிட்டது, மருந்துகளைச் செல்லுக்கு வெளியே தள்ளும் புரதக் குடும்பத்துக்கு உறவு. 2006இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து சாவ்1866 என்ற உறவுப் புரதம் வந்தது. இரண்டும் துளியும் ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்தால், ஆய்வகத்துக்குள்ளேயே புழங்கிய ஒரு சிறு நிரல் தரவின் இரண்டு பத்திகளை இடம் மாற்றிவிட்டிருந்தது. மொத்தக் கட்டமைப்பும் கண்ணாடி பிம்பமாகத் திரும்பி, அதன் மேல் அவர்கள் மாதிரி கட்டியிருந்தார்கள். ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஏமாற்று இல்லை, ஒரு குறி மாறியதுதான். பிழையைப் பிடித்துக் கொடுத்தது வேறொருவரின் படிகம்.

நான் அந்த வருடம் ஆய்வு மாணவன். எங்கள் ஆய்வகத்திலும் அப்படி ஒரு "பழைய சீனியர் எழுதிய" நிரல் இருந்தது. செய்தி வந்த அன்று மாலை கைடு அதை அழித்தார். சரிபார்க்கவில்லை, நேராக அழித்தார்.

9 மார்ச்

புரோட்டியோமிக்ஸ் (ஒரு மாதிரியிலுள்ள புரதங்களை மொத்தமாக அடையாளம் காணும் துறை) பக்கம் போனால் சுலபமா என்று கேட்பவருக்கு: பட்டியல் சுலபம். கட்டுரை சுலபமில்லை.

நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியில் ஒரு மாதிரியைப் போட்டால் 4000 புரதங்களின் பெயர் வரும். மேலேயிருந்து பார்த்தால் முதல் சில இடங்களில் கெரட்டின் இருக்கும். அது உங்கள் செல்லில் இருப்பது இல்லை. உங்கள் தோல், உங்கள் முடி. ஒருமுறை எங்கள் பட்டியலில் செம்மறி ஆட்டுக் கெரட்டின் உச்சத்தில் வந்து நின்றது. மாதிரியைத் தயாரித்தவர் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தார். குளிரறையில் வேலை, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பொதுவான வழக்கம், பொய்க் கண்டுபிடிப்பு விகிதம் 1 சதவீதம். அப்படியானால் 4000இல் 40 தவறு. அந்த 40உம் எங்கே இருக்கும்? தெரிந்த ரைபோசோம் புரதங்களுக்கிடையே இருக்காது. ஒரே ஒரு பெப்டைடை, அதாவது புரதத் துண்டை, பிடித்துத் தொங்கிக்கொண்டு, "இதுவரை இந்தத் திசுவில் யாரும் கண்டிராதது" என்று நீங்கள் தலைப்பில் போட ஆசைப்படுகிற இடத்தில் இருக்கும். 2014இல் மனிதப் புரோட்டியோமின் இரண்டு முதல் வரைவுகள் நேச்சரில் ஒரே நேரத்தில் வந்தன. அதே வருடம் வேறொரு குழு கேட்டது: மூக்கிலிருந்து மாதிரியே எடுக்காதபோது மணம் அறியும் ஏற்பிகள் எங்கிருந்து வந்தன? இன்று மனிதப் புரோட்டியோம் திட்டம் ஒரு புரதத்தைக் கண்டதாக ஒப்புக்கொள்ள, குறைந்தது 9 அமினோ அமிலம் நீளமுள்ள, அந்தப் புரதத்துக்கே உரிய இரண்டு பெப்டைடுகளைக் கேட்கிறது.

இன்னொரு கதை இன்னும் பிடிக்கும். 2010இல் தேனீக் கூட்டங்கள் அழிவதற்கு ஒரு வைரஸ் தொடர்பு இருக்கிறது என்று மாஸ் ஸ்பெக் வைத்து ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருடம் மற்றொருவர் பார்த்தார். தேடிய தரவுத்தளத்தில் தேனீயின் புரதங்களே இல்லை! தேனீயை அரைத்துப் போட்டுவிட்டு, தேனீ இல்லாத பட்டியலில் தேடினால், ஒவ்வொரு தேனீப் பெப்டைடும் கொஞ்சம் ஒத்திருக்கும் ஏதோ ஒன்றின் பெயரைத் தாங்கித்தானே ஆக வேண்டும். தேனீயைச் சேர்த்துத் தேடினார், வைரஸுக்கான ஆதாரம் போய்விட்டது.

9 மார்ச், இரவு

மேலே "4000இல் 40" என்று எழுதியது தவறு. யாரும் பிடிக்கவில்லை, நானே பிடித்தேன். 1 சதவீதம் எந்த மட்டத்தில் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஸ்பெக்ட்ரம் (ஒவ்வொரு பெப்டைடின் அளவீடு) மட்டத்தில் 1 சதவீதம் வைத்தால் புரத மட்டத்தில் அது நன்றாக ஏறிவிடும். சரியான பெப்டைடுகள் ஒரே புரதத்தில் பத்துப் பதினைந்தாகக் கூடும். தவறானவை ஆளுக்கொரு புரதமாகச் சிதறும். ஆகவே 40 என்பது புரத மட்டத்தில் தனியாக வடிகட்டியிருந்தால் மட்டும். இல்லாவிட்டால் அதற்கு மேல். கட்டுரையில் எந்த மட்டம் என்று எழுதாதவரைப் பார்த்தால், அவர் எதை வைத்திருப்பார் என்று நானே ஊகித்துக்கொள்வேன்.

கச்சாத் தரவைப் பிரைட் போன்ற களஞ்சியத்தில் போடச் சொல்வது ஏதோ சடங்கு என்று நினைக்காதீர்கள். 2007இல் டி-ரெக்ஸ் எலும்பிலிருந்து கொலாஜன் பெப்டைடு கிடைத்ததாகச் சயன்ஸில் வந்ததே, முழு ஸ்பெக்ட்ரங்களும் வெளியான பிறகுதான் சண்டை சுவாரசியமானது. மறுபடி அலசியவர்களுக்கு அதற்குள் நெருப்புக்கோழியின் ஹீமோகுளோபினோடு பொருந்தும் பெப்டைடு ஒன்றும் கிடைத்தது. அது டைனோசருடையதா, ஆய்வகத்துடையதா? தரவு இருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

10 மார்ச்

எக்செல். இதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். செப்டின் 2இன் பழைய ஜீன் பெயரான SEPT2ஐத் தட்டினால் அது செப்டம்பர் 2ஆம் தேதி ஆகிவிடும். 2016இல் எண்ணிப் பார்த்தவர்கள், எக்செலில் ஜீன் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். எக்செல் திருந்துவதாக இல்லை என்று 2020இல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஒரு மென்பொருளுக்காக மனித ஜீன் பெயர் மாற்றிக்கொண்ட கதை இது.

11 மார்ச்

ரிவ்யூவர்கள் எதையும் விடமாட்டார்கள் என்று அழுபவருக்கு: 2008இல் ப்ரோட்டியோமிக்ஸ் இதழின் இணையப் பதிப்பில் மைட்டோகாண்ட்ரியா பற்றி ஒரு கட்டுரை வந்தது. தலைப்பில் உடலும் ஆன்மாவும் இருந்தன, உள்ளே ஒரு வல்லமை வாய்ந்த படைப்பாளரும் இருந்தார். அதெல்லாம் கடந்து வந்தது. கடைசியில் அதைத் திரும்பப் பெற வைத்தது மற்றவர்களின் பத்திகளை அப்படியே எடுத்திருந்தது.

12 மார்ச்

கேள்வி கேட்டவர் செய்தி அனுப்பியிருந்தார். செயல்மையத்தில் அடர்த்தி ஒரு திட்டாகத் தெரிகிறதாம். "அதில் நொதி வினைபுரியும் அடிமூலக்கூறு மாதிரி ஒன்றைப் பொருத்தினால் செயல்பாடு கிடைத்த மாதிரி ஆகிவிடுமே?"

வேண்டாம். முதலில் உங்கள் படிகத் துளியில் என்னென்ன ஊற்றினீர்கள் என்று நோட்டைத் திறந்து பாருங்கள். பெக் (படிகமாக்க ஊற்றும் பாலிமர்), கிளிசரால், சல்ஃபேட், பஃபர். செயல்மையம் என்பது எதையாவது பிடிக்கத் தயாராக இருக்கும் பள்ளம். நீங்கள் ஊற்றியதைத்தான் முதலில் பிடிக்கும். திட்டின் வடிவம் மேகம் மாதிரி. அதில் யானை தெரியும், குதிரையும் தெரியும்.

இதை எழுதும்போது என் 2012 கட்டுரை உறுத்துகிறது. 2.4 ஆங்ஸ்ட்ராம். அதில் ஒரு லிகண்ட் (புரதத்தில் ஒட்டும் சிறு மூலக்கூறு) வைத்திருந்தோம். நன்றாகத்தான் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நாளை எடுத்துப் பார்க்கிறேன்.

13 மார்ச்

பார்த்தேன்.

லிகண்டை எடுத்துவிட்டு வரைபடம் போட்டால் திரும்பி வருவது ஒரு நீளமான புழு. எங்கள் மூலக்கூறின் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சுற்றியுள்ள அமினோ அமில எச்சங்களின் பி-ஃபாக்டர் 40 அளவில், லிகண்டுடையது 95. துளியில் இருந்தது பெக் 400.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

14 மார்ச்

தூங்கி எழுந்து யோசித்தேன். எப்படி நடந்தது என்று சரியாக நினைவிருக்கிறது, அதுதான் கஷ்டம். முதல் வடிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, "அடையாளம் தெரியாத அடர்த்தி" என்று எழுதியிருந்தோம். 2009இல் என்னைக் கேட்ட அதே கேள்வியோடு கட்டுரை திரும்பி வந்தது. மறுபடி படிகத்தை லிகண்டில் ஊறப்போட்டோம். ஊறப்போட்டதால் உள்ளே போயிருக்கும் என்று நம்பினோம். திட்டு கொஞ்சம் பெரிதான மாதிரி தெரிந்தது. தெரிய வேண்டும் என்று இருந்தது, தெரிந்தது.

ஆர்-ஃப்ரீ என்ற சோதனை எண் காட்டிக் கொடுத்திருக்காதா என்று கேட்காதீர்கள். ப்ரூங்கர் 1992இல் அதைக் கொண்டுவந்தது, கட்டிய மாதிரி மொத்தமாகத் தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்க. மூவாயிரம் அணுக்களில் இருபது அணுவைத் தவறாக வைத்தால் அது கண்ணைக்கூடச் சிமிட்டாது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1990இல், ப்ராண்டனும் ஜோன்ஸும் நேச்சரில் எழுதியிருந்தார்கள், வரைபடத்தைப் படிப்பதில் படிப்பவரின் மனது எவ்வளவு கலக்கிறது என்று. அந்தக் கட்டுரையை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். 2012க்கு முன்பும் நடத்தினேன், பின்பும் நடத்தினேன்.

4ஆம் தேதி இந்த இழையில் எடிட்டரின் கேள்வியை ஏதோ நியாயமான கேள்வி போல எழுதினேன். கேள்வி நியாயம்தான். ஆனால் பதில் இல்லாதவனிடம் பதிலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அவன் திட்டில் பதிலைப் பார்ப்பான். இது சாக்கு இல்லை. மாதிரியை அங்கே வைத்தது என் கைதான்.

19 மார்ச்

முதல் ஆசிரியரோடு பேசினேன். அவர் ஆராய்ச்சியை விட்டு ஏழு வருடம் ஆகிறது. "சார், அதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். பார்த்திருக்கிறார்கள். அந்தப் பதிவை வைத்து டாக்கிங் செய்த கட்டுரைகள் நாலைந்து இருக்கின்றன. எல்லாம் எங்கள் லிகண்ட் இருந்த நிலையை "சோதனையில் உறுதியான நிலை" என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் புதிய மூலக்கூறுகளைப் பொருத்தியவை. பெக் துண்டைச் சுற்றி மருந்து வடிவமைத்திருக்கிறார்கள், பாவம்.

அவரும் ஒப்புக்கொண்டார். இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதுகிறோம். பிடிபியில் 2019 முதல், அதே எண்ணை வைத்துக்கொண்டே பதிவு செய்தவர் ஆயங்களை மாற்ற முடியும். அதற்கு முன்பென்றால் பழைய எண்ணைக் கைவிட்டுப் புது எண் வாங்க வேண்டும், பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் எத்தனை பேர் புதியதைக் கவனிப்பார்கள்?

20 மார்ச்

கேள்வி கேட்டவரின் சரிபார்ப்பு அறிக்கை வந்திருக்கிறது. எல்லாம் பச்சையாக இருக்க, ராமச்சந்திரன் வரைபடத்தில் (சங்கிலி மடங்கும் கோணங்களைக் காட்டுவது) ஒரே ஒரு புள்ளி வெளியே நிற்கிறதாம். இரண்டு நாளாக அதை உள்ளே இழுக்கப் போராடுகிறாராம். இழுத்தால் வந்துவிடுகிறது, ஆனால் அடர்த்தியிலிருந்து விலகிவிடுகிறது.

எந்த எச்சம் என்று கேட்டேன். செரின். இரண்டு பக்கமும்? கிளைசின் - ஏதோ ஒன்று - அந்தச் செரின் - ஏதோ ஒன்று - கிளைசின்.

கையை எடுங்கள்! அதைத் தொடாதீர்கள்.

ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த வரைபடத்தை வெளியிட்டபோது புரதக் கட்டமைப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கணக்கிலிருந்து போட்டது அது. வெளியே நிற்கும் புள்ளி என்றால் "இங்கே இறுக்கம் இருக்கிறது, காரணம் சொல்" என்று அது கேட்கிறது. பெரும்பாலும் காரணம் நம் தவறான மாதிரி. சில சமயம் காரணம் புரதம். ஆல்ஃபா-பீட்டா ஹைட்ரோலேஸ்களில் வினை புரியும் செரின் ஒரு கூர்மையான முழங்கை மடிப்பின் நுனியில் உட்காரும். வளைந்த வில் மாதிரி. அங்கே ராமச்சந்திரன் கோணம் சாதகமில்லாமல் இருப்பது அந்தக் குடும்பத்தின் அடையாளம். 2.1 ஆங்ஸ்ட்ராமில் அடர்த்தி தெளிவாக அதைக் காட்டினால் அதை அழகுபடுத்தாதீர்கள். அறிக்கையை முழுப் பச்சையாக்க உங்கள் கட்டுரையின் சுவையான இடத்தை நீங்களே அழித்துக்கொண்டிருந்தீர்கள்.

செரினுக்கு அருகே ஹிஸ்டிடினும் ஆஸ்பார்டேட்டும் இருக்கிறதா பாருங்கள்.

21 மார்ச்

இருக்கிறதாம்.

24 மார்ச்

"அப்படியானால் எஸ்டர்களைப் பிளக்கும் எஸ்டரேஸ் என்று எழுதிவிடலாமா?" எழுதலாம் என்றால் ஏற்கெனவே யாரோ எழுதியிருப்பார்களே. தரவுத்தளங்களில் தானாக ஒட்டப்பட்ட பெயர்களை நம்பி நம்பித்தான் இந்தத் துறை குழம்பியிருக்கிறது. ஒன்றுக்குத் தவறாகப் பெயர் வைத்தால் அதை ஒத்த ஆயிரத்துக்கும் அதே பெயர் ஒட்டும், பிறகு அந்த ஆயிரமும் சேர்ந்து முதலாவதுக்குச் சாட்சி சொல்லும்.

பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டேட் வாங்கிப் போடுங்கள். பிளந்தால் மஞ்சளாகும், 405 நானோமீட்டரில் அளக்கலாம், ஒரு மதிய வேலை. செரினை அலனினாக மாற்றிய புரதத்தையும் அதே மதியம் போட வேண்டும். அது இல்லாமல் மஞ்சளைக் காட்டாதீர்கள்.

17 ஏப்ரல்

மஞ்சள்! மாற்றிய புரதத்தில் நிறமில்லை. படம் அனுப்பியிருக்கிறார், இரண்டு குழாய்.

இப்போது பிரேக் போடுவது என் வேலை. அந்த அசிட்டேட் இளகிய மனசுக்காரன். யார் தட்டினாலும் உடையும். ஆல்புமின்கூட உடைக்கும். ஆகவே "எஸ்டரேஸ் செயல் உண்டு, அது இந்தச் செரினைச் சார்ந்தது" என்பது வரை எழுதலாம். பாக்டீரியாவுக்குள் அது உண்மையில் எதை உடைக்கிறது என்பது தெரியாது. தெரியாது என்றே எழுதுங்கள். செயல்மையத்துத் திட்டைக் காலியாக விடுங்கள். ரிவ்யூவர் கேட்டால் விடுபட்ட வரைபடத்தைக் காட்டி, துளியில் இருந்தவற்றின் பட்டியலையும் கொடுங்கள்.

முன்பதிப்பைப் பயோஆர்கைவ் இணையதளத்தில் போட்டுவிட்டு, அதே நாளில் பிடிபி பதிவையும் திறந்துவிடுங்கள். 2020 பிப்ரவரி 5 அன்று கொரோனா வைரஸின் முக்கியப் புரோட்டியேஸ் 6எல்யூ7 என்ற எண்ணில் பிடிபியில் திறந்தது. நேச்சர் கட்டுரை ஏப்ரலில்தான் வந்தது. அந்த இடைவெளியில் உலகமே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. யாரும் அவர்கள் கட்டுரையைத் திருடிவிடவில்லை. உங்கள் புரதத்துக்காக உலகம் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

18 ஏப்ரல்

4 மார்ச் குறிப்பை மறுபடி படித்தேன். "செத்தது உண்மை" என்று அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறேன். அதை எடுத்துக்கொள்கிறேன். அழிக்கவில்லை, மேலேயே கிடக்கட்டும்.

30 ஏப்ரல்

புதன். பிடிபி வாராவாரம் புதன்கிழமைதான் புதுப்பிக்கும். எங்கள் பழைய பதிவு இன்று மாறியிருக்கிறது. எண் அதே எண், வடிவம் 2.0. லிகண்ட் இருந்த இடத்தில் பெக் துண்டு, அதுவும் பாதி நீளத்துக்குத்தான். மீதியை அடர்த்தி ஆதரிக்கவில்லை. இதழின் திருத்தம் இன்னும் எடிட்டர் மேசையில்தான். டாக்கிங் செய்த நாலு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் நன்றி சொன்னார், ஒருவர் பெக் எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்று கேட்டார், இருவர் பதில் போடவில்லை.

கேள்வி கேட்டவரின் கட்டுரை இரண்டாவது இதழில் ரிவ்யூவுக்குப் போயிருக்கிறது. இன்று காலை கருத்துகள் வந்தன. இரண்டாம் ரிவ்யூவரின் நாலாவது கேள்வி: "செயல்மையத்தில் தெரியும் அடர்த்தியில் ஏன் எதையும் பொருத்தவில்லை?"